கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும்

(நம் பங்கின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இக்கருத்தரங்கில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டபோது, "புயலையும் ஆழிப்பேரலையையும் முன்கூட்டி அறிந்து சொல்ல உலக நாடுகள் சேர்ந்து செய்திருக்கும் ஏற்பாட்டைப் பற்றி" என்றேன். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "சாமி, மறைமலை நகரில் கடல் எங்கே இருக்கிறது?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். நமக்கு நேர் கிழக்கே கோவளம் கடற்கரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் பங்கில் வலை வீசிப் பிழைப்பவர் எவருமில்லை. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு பஸ்ஸில் போய் வருகிறவர்களே அதிகம். ஆயினும் 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது நம்மில் எத்தனை பேர் உறங்கினோம்? 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் நம் உறவினர் பலர் மொட்டை மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். அந்த மழையும் வங்கக் கடலிலிருந்து வந்ததே. கடல் நம் வீட்டு வாசலில் இல்லை. ஆனால் அது வரவேண்டுமென்று நினைத்தால் வந்து சேர ஒரு இரவு போதும்.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் சொந்த வாழ்வில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மேடையில் நான் அதைச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், திருக்குடும்ப விழா. அப்போது நான் கடலோரப் பங்கு ஒன்றில் உதவிப் பங்குத்தந்தை. குருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. காலை 6.30 மணித் திருப்பலியை நான் நிறைவேற்றினேன். முதல் வாசகம் முடிகிற நேரம், பீடத்துக்கு மேலே சங்கிலியில் தொங்கிய விளக்கு மெல்ல ஆடியது. மணி 6.40 இருக்கும். சிறுவர் யாரோ சங்கிலியை இழுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. திருப்பலி முடிவில் வழக்கம்போல் மைக்கைப் பிடித்து அறிவிப்புகளை வாசித்தேன். விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு வழங்கும் நேரம், ஆண்டு இறுதி நன்றி வழிபாடு, பாடகர் குழுவின் கூட்டம் ஆகியவையே அன்றைய அறிவிப்புகள். ஒலிபெருக்கி கோபுரத்தின் மேல் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. நான் பேசுவது கடைசிக் குடிசை வரை கேட்கும். மக்கள் வீடு திரும்பினார்கள். ஆண்கள் கரைக்குப் போய் வலையைப் பிரித்துப் போட்டார்கள். பிள்ளைகள் மணலில் விளையாடினார்கள்.

ஒன்பது மணியளவில் கடல் ஊருக்குள் வந்தது.

எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே நான் எண்ணிச் சொல்லப் போவதில்லை. அடுத்த மூன்று நாட்கள் அடக்கச் சடங்கைத் தவிர வேறெந்தப் பணியும் நான் செய்யவில்லை. இதை மட்டும் சொல்கிறேன்: விளக்கு ஆடியதற்கும் கடல் வந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. என் கையில் மைக் இருந்தது. ஊர் முழுவதும் கேட்கும் ஒலிபெருக்கி இருந்தது. ஐந்து நிமிட நடையில் மேட்டு நிலமும் இருந்தது. இல்லாதது ஒரே ஒரு செய்திதான். "கடற்கரையை விட்டு விலகுங்கள்" என்ற மூன்று சொற்கள் இல்லாமல் போயிற்று.

அந்தச் செய்தி உலகில் எங்குமே இல்லாமலா போயிற்று? பிற்பாடு இதை நான் தேடிப் படித்தேன். இந்தோனேசியாவின் சுமத்திரா தீவருகே கடலடித் தட்டு உடைந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அதன் அளவு 9.1. கால் மணி நேரத்துக்குள் ஹவாய்த் தீவிலிருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது. பெரிய நிலநடுக்கம் நேர்ந்திருக்கிறது, பசிபிக் கடலோரத்துக்கு ஆபத்தில்லை என்பது அதன் சாரம். அம்மையத்துக்கு இடப்பட்ட கடமை பசிபிக் கடலைக் காப்பது. இந்தியப் பெருங்கடலுக்கு அத்தகைய ஏற்பாடே அன்று இல்லை. அலை வருகிறதா என்று பார்க்கக் கடலுக்குள் கருவியும் இல்லை, நம் நாட்டிலும் இலங்கையிலும் அந்தச் செய்தியைப் பெற்றுக் கரைக்கு அனுப்ப இரவு பகலாக விழித்திருக்கும் அலுவலகமும் இல்லை. 14 நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தார். வேளாங்கண்ணிக் கரையில் நின்றிருந்த திருயாத்திரிகர்களும் அதில் அடக்கம்.

நம் கடலில் இது நடக்காது என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம். ஆனால் 1881 டிசம்பர் 31-ஆம் நாள் நிக்கோபார் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தின் அலை சென்னைத் துறைமுகத்து அலைமானியில் பதிவாகியிருந்தது. 1945-இல் மக்ரான் கரையில் எழுந்த பேரலை மேற்குக் கடலோரத்தில் உயிர்களைக் கொண்டு போயிற்று. சான்று ஏட்டில் இருந்தது, நினைவில் இல்லை.

அதே ஞாயிறு காலையில், இதே கரையில் வேறொரு கதையும் நடந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமம். அவ்வூர் மகன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஏறுகிறது என்று வீட்டார் சொன்னதும், உடனே ஓடச் சொன்னார். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. கடலின் நிலையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் நாள்தோறும் அறிவிக்க ஒரு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். ஞாயிறானதால் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிரும் போகவில்லை.

அன்பர்களே, நல்லவாட்டில் இருந்த ஒலிபெருக்கி எங்கள் கோபுரத்திலும் இருந்தது. அவர்களுக்கு அயல்நாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது, எங்களுக்கு வரவில்லை. வேறுபாடு அவ்வளவே. நான் இன்று சொல்ல வந்த கருத்து முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. எச்சரிக்கைக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையை உலக நாடுகள் ஒன்றுகூடித்தான் பிடிக்க முடியும். மறு முனையை ஊரார்தான் பிடிக்க முடியும். எந்த முனை நழுவினாலும் மனிதர் சாவர்.

முதல் முனையைப் பார்ப்போம்.

கடலடியில் நிலம் நடுங்கினால் அதன் அதிர்வு பூமியின் வழியே நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அலையோ ஆழ்கடலில் மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஜெட் விமானத்தின் வேகமானாலும் நில அதிர்வுக்கு அது பல மடங்கு பின்தங்கியதே. இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். பல நாடுகளிலுள்ள நிலநடுக்கமானிகளின் பதிவை ஒருங்கே பார்த்தால் எங்கே, எவ்வளவு பெரிய நடுக்கம் என்று சில நிமிடங்களில் கணித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அலை எழுவதில்லை. அதை உறுதி செய்யக் கடலின் அடியில் அழுத்தமானிகளை வைத்திருக்கிறார்கள். மேலே செல்லும் நீர் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் அது உணர்ந்து, மிதவைக்குச் சொல்லி, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லி, செயற்கைக்கோள் மையத்துக்குச் சொல்லும். பிறகு துறைமுகங்களிலுள்ள அலைமானிகள் ஒவ்வொன்றாகச் சாட்சி சொல்லும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். உடையும் தட்டு இந்தோனேசியாவின் அருகே இருக்கிறது. அலை இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, சோமாலியா வரை போகிறது. மிதவை ஒரு நாட்டுக்குச் சொந்தம், அலைமானி இன்னொரு நாட்டுக்குச் சொந்தம். ஒரு நாடு எவ்வளவு செல்வமுடையதானாலும் தனித்து நின்று இதைச் செய்ய முடியாது. பசிபிக் நாடுகள் இதைத் துன்பப்பட்டே கற்றன. 1946-இல் அலாஸ்காவை அடுத்த அலூஷியன் தீவுகளில் நேர்ந்த நடுக்கத்தால் ஹவாயில் 159 பேர் இறந்தனர். அதன்பின் 1949-இல் அங்கே மையம் தோன்றியது. 1960-இல் சிலி நாட்டில் 9.5 அளவுள்ள நடுக்கம் நேர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து ஜப்பானில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் 1965-இல் யுனெஸ்கோவின் அரசுகளிடைக் கடலாய்வு ஆணையத்தின் கீழ் பசிபிக் நாடுகள் ஒன்றுசேர்ந்தன. நம் பெருங்கடல் நாடுகள் 2005-இல் அதே ஆணையத்தின் கீழ் ஒன்றுகூடின. நாற்பது ஆண்டு தாமதம்.

அதன்பின் வேலை விரைவாகவே நடந்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் நம் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்களும் இந்தியப் பெருங்கடலின் மற்ற நாடுகளுக்கும் சேர்த்துச் செய்தி அனுப்புகின்றன. 2004-இல் செய்தியைப் பெற இடமில்லாதிருந்த நாடு, பிற நாடுகளுக்குச் செய்தி தரும் நாடாகிவிட்டது. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

2012 ஏப்ரல் 11-ஆம் நாள் பிற்பகல் அதற்குச் சோதனை வந்தது. சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுக்கம். சென்னையில் கட்டடங்கள் ஆடி மக்கள் தெருவுக்கு ஓடிவந்தது பலருக்கு நினைவிருக்கும். பத்து நிமிடத்துக்குள் ஐதராபாத் மையத்தின் முதல் அறிக்கை வந்துவிட்டது. கடலடிக் கருவிகள் பெரிய அலை இல்லை என்று காட்டின. மாலைக்குள் எச்சரிக்கை விலக்கப்பட்டது. "ஒன்றும் வரவில்லையே, வீணாகப் பயமுறுத்திவிட்டார்களே" என்று சிலர் குறைகூறினர். அந்த நடுக்கத்தில் கடலடி நிலம் பக்கவாட்டில் நகர்ந்தது, மேலெழும்பவில்லை. ஆகவே நீர் அதிகம் உயரவில்லை. அந்த வேறுபாட்டைச் சில மணி நேரத்தில் கண்டு சொன்னதுதான் வெற்றி. காவல்காரன் விசிலடித்தான், திருடன் வரவில்லை. அதற்காகக் காவல்காரனை வேலையை விட்டு அனுப்புவோமா?

இனிப் புயலுக்கு வருவோம். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். அதற்குப் பிறகே, 1972-இல், உலக வானிலை அமைப்பும் ஐக்கிய நாடுகளின் ஆசிய ஆணையமும் சேர்ந்து வங்கக் கடல், அரபிக் கடல் நாடுகளுக்கென ஒரு புயல் குழுவை அமைத்தன. இன்று அதில் 13 நாடுகள் உள்ளன. புதுடில்லியில் உள்ள நம் வானிலைத் துறையின் புயல் மையம் அவை அனைத்துக்கும் ஆலோசனை தருகிறது. எல்லையில் முறைத்துக்கொள்ளும் இந்தியாவும் பாகிஸ்தானும் இந்த ஒரு மேசையில் சேர்ந்து அமர்கின்றன. புயலுக்குப் பெயர் வைப்பதும் அக்குழுவின் வேலையே. 2016-இல் சென்னையைச் சாய்த்த வர்தா பாகிஸ்தான் கொடுத்த பெயர். 2018-இல் வேதாரண்யம் அருகே தென்னந்தோப்புகளை வீழ்த்திய கஜா இலங்கை தந்த பெயர். மாண்டஸ் ஐக்கிய அரபு நாட்டினுடையது. 2023-இல் நம்மை மூழ்கடித்த மிக்ஜாம் மியான்மருடையது. 2020-இல் வெளியான 169 பெயர்ப் பட்டியலில் இந்தியா கொடுத்த பெயர்களுள் 'முரசு' என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கிறது.

அந்தமான் கடலில் ஒரு தாழ்வழுத்தம் தோன்றியது முதல் நம் இன்சாட் செயற்கைக்கோள்களும் ஐரோப்பிய நாடுகளின் மீட்டியோசாட்டும் அதைப் படமெடுக்கின்றன. புயலுக்கு உணவு கடலின் வெப்பம். அதை அளக்க ஆர்கோ என்னும் ஏறத்தாழ 4,000 மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் மூழ்கியும் எழுந்தும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. முப்பது நாடுகளின் கூட்டு முயற்சி அது. தொலைக்காட்சியில் வானிலை அதிகாரி இரண்டு நிமிடம் பேசுகிறாரே, அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் இத்தனை நாடுகளின் உழைப்பு இருக்கிறது.

இந்தப் பணியில் நம் குருக்களுக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். கியூபாவின் ஹவானா நகரில் பெனித்தோ வின்யெஸ் என்ற இயேசு சபைக் குரு 1875-லேயே சூறாவளி எச்சரிக்கை வெளியிட்டார். மணிலா வானாய்வு நிலையத்தின் ஃபெடரிக்கோ ஃபவுரா அடிகளார் 1879-இல் பிலிப்பைன்ஸ் மக்களுக்குப் புயல் வருவதை முன்னறிவித்தார். கடலடித் தந்திக்கம்பி போடப்பட்டதும் ஹாங்காங்குக்கும் செய்தி போயிற்று. கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியின் லாஃபோன் அடிகளார் 1867-இல் காற்றழுத்தமானியைப் பார்த்துப் புயல் வருவதை அதிகாரிகளுக்கு அறிவித்தார். காலையும் மாலையும் பாதரசத்தின் உயரத்தைக் குறித்து வைத்ததையும், அறிந்ததை அயலாருக்குத் தயங்காமல் சொன்னதையும் அவர்கள் திருப்பணியின் பகுதியாகவே கருதினார்கள்.

சரி, இவ்வளவு ஏற்பாடு இருக்கையில் இனி நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். இங்கேதான் எச்சரிக்கையின் மறு முனை வருகிறது.

1960-இல் ஹவாயின் ஹிலோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். சிலியில் நடுக்கம் நேர்ந்து அலை ஹிலோவை அடைய ஏறத்தாழ 15 மணி நேரம் ஆயிற்று. செய்தி முன்பே வந்துவிட்டது. அலைக்குச் சில மணி நேரம் முன்பே சங்கும் ஊதினார்கள். ஆனாலும் 61 பேர் இறந்தார்கள். சங்கொலி கேட்டதும் புறப்பட வேண்டுமா, அடுத்த சங்குக்குக் காத்திருக்க வேண்டுமா என்று பலருக்குத் தெரியவில்லை. முன்பு சில முறை ஊதியும் ஒன்றும் வரவில்லையே என்று சிலர் படுத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. கருவி தன் கடமையைச் செய்தது. செய்தி காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை.

2017 நவம்பர் 30-ஆம் நாள் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கி புயல் மூண்டது. ஆழ்கடலில் வாரக்கணக்காகத் தங்கி மீன்பிடிக்கும் நம் மக்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். கரையில் ஒலித்த அறிவிப்பு அவர்கள் செல்பேசிக்கு எட்டாது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்துப் பங்குகளில் எத்தனை குடும்பங்கள் இன்றும் உடலைக்கூடக் காணாமல் நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றன! அதன்பின் 2019-இல் ஐதராபாத் மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து, ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்ற சிறு கருவியைக் கொண்டுவந்தன. நல்லதுதான். வந்த பிறகு வருகிற நல்லது.

இதற்கு மாறான சான்றும் உண்டு. சுமத்திராவுக்கு மிக அருகிலுள்ள சிமெலூ என்ற தீவில் 2004-இல் அலை பத்து நிமிடம் போலத்தான் அவகாசம் தந்தது. எந்த மையமும் உதவியிருக்க முடியாது. ஆனால் 1907-இல் வந்த பேரலையை அத்தீவின் பாட்டிமார் 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு சொல்லிவந்தார்கள். நிலம் நடுங்கியதும் ஒருவர் "ஸ்மோங்" என்று கத்த, ஊரே மலைக்கு ஓடியது. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்களில் இறந்தவர் ஏழு பேர். என் பீடத்து விளக்கு ஆடியபோது அப்படி ஒரு சொல் எனக்குத் தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு.

நம் பங்குக்கு வருவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்த இரண்டாம் நாள், பீடச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து, "சாமி, ஏரிப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் அண்ணன்மார்கள் கட்டில் மேல் நிற்கிறார்கள்" என்றான். போய்ப் பார்த்தோம். ஒடிசாவிலிருந்து வந்து தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை செய்யும் பதினொரு இளைஞர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். முந்தின நாள் மாலையே ஆட்டோவில் மைக் கட்டித் தாழ்வான பகுதியினரை வெளியேறச் சொல்லியிருந்தார்கள். அவர்களும் கேட்டார்கள். ஆனால் அறிவிப்பு தமிழில் இருந்தது. ஏதோ கடைத் திறப்பு விளம்பரம் என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்! ஞாயிறுதோறும் நம் கோவிலின் பின்வரிசையில் நிற்கிறவர்கள் அவர்களில் நால்வர். அவர்களுடைய மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல நம்மிடம் ஆளில்லை. அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாதிருந்தது. அது என் குறை.

பங்கு மன்றத்தில் காப்பி குடித்துக்கொண்டே அவர்களில் ஒருவர், தான் கஞ்சாம் மாவட்டத்தார் என்றார். "எங்கள் ஊரில் புயல் என்றால் யார் பாட்டியைத் தூக்குவது, யார் மாட்டை அவிழ்ப்பது, எந்தக் காப்பகத்துக்குப் போவது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும் ஃபாதர். இங்கே யாரைக் கேட்பது என்று தெரியவில்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. 1999-இல் ஒடிசாவில் வந்த பெரும் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013-இல் பைலின் புயல் அதே கரைக்கு வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. அதே கஞ்சாம் மாவட்டத்து வெங்கட்ராய்பூரும் ஜகத்சிங்பூர் மாவட்டத்து நோலியாசாகியும் 2020-இல் சுனாமிக்கு ஆயத்தமான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் ஏற்பு பெற்றன. இந்தியப் பெருங்கடல் நாடுகளிலேயே முதல் முறையாக. நாம் யாரை ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரர் என்று எண்ணுகிறோமோ, அவர்களே இவ்விஷயத்தில் நமக்கு ஆசிரியர்கள்.

ஆகவே வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டும் வளைவும் வைப்பதோடு நான்கு காரியங்களைச் செய்வோம் என்று உங்களை வேண்டுகிறேன்.

முதலாவது, நம் கோபுர ஒலிபெருக்கியும் மணியும் ஊருக்குப் பொதுவாகட்டும். நகராட்சியோடும் வருவாய்த் துறையோடும் பேசி, அவர்கள் தரும் எச்சரிக்கையை எந்நேரமும் அறிவிக்க இரு இளைஞர்களை நியமிப்போம். அதிகாரபூர்வமாக வந்த செய்தி மட்டுமே அறிவிக்கப்படும். 2004 டிசம்பர் 30-ஆம் நாள், மீண்டும் அலை வருகிறதென்று ஒரு பொய்ச் செய்தி பரவி, அடக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு மக்கள் ஓடியதை நான் கண்டவன். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் மைக்கில் சொல்லலாகாது. ஐயம் வந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்தின் எண் 1070. 2023 அக்டோபரில் நம் செல்பேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறினவே, பலர் பயந்து அணைத்துவிட்டீர்களே, அது பேரிடர் எச்சரிக்கையின் சோதனை. அடுத்த முறை அது அலறினால் அணைக்கும் முன் படியுங்கள்.

இரண்டாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் யார் தனியே வாழும் முதியவர், யார் நடக்க இயலாதவர், யார் கர்ப்பிணி, எந்த வீடு தாழ்வானது என்று ஒரு பட்டியல் வைக்கட்டும். பட்டியலில் மதம் பார்க்க வேண்டாம், வெள்ளம் பார்ப்பதில்லை.

மூன்றாவது, ஒடியா, வங்காளம், இந்தி ஆகிய மொழிகளில் சொல்ல வேண்டிய நான்கைந்து வாக்கியங்களை எழுதி, அவற்றைப் பேசத் தெரிந்த இளைஞர்களின் குரலில் பதிந்து வைப்போம். கொட்டகை கொட்டகையாகப் போய் அறிமுகம் செய்துகொள்வோம். அந்தப் பதினொருவரில் இருவர் இதற்கு ஏற்கெனவே இசைந்திருக்கிறார்கள்.

நான்காவது, ஆண்டுக்கொருமுறை ஒத்திகை. அதற்கு நவம்பர் 5-ஆம் நாளைக் குறிப்போம். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கும் அது பொருந்தும். 1854-இல் பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி அதே நாளில் ஜப்பானின் ஹிரோ என்ற கிராமத்தில் பேரலை வந்து இருட்டில் மக்கள் தவித்தபோது, ஹமகுச்சி கோரியோ என்பவர் வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டு, அந்த வெளிச்சத்தால் மேட்டுக்கு வழிகாட்டினார். அதன் நினைவாகவே ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் நவம்பர் 5-ஐ உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அந்த மனிதரிடம் செயற்கைக்கோள் இல்லை. கையிலிருந்ததை ஊருக்காகப் பயன்படுத்தினார்.

அன்பர்களே, நான் அன்று அறிவிப்பு வாசித்த கோவிலுக்கு ஆண்டுதோறும் டிசம்பர் 26-ஆம் நாள் போய் வருகிறேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரே தேதி பொறித்த சிலுவைகள் வரிசையாக நிற்கின்றன. அவர்களுக்குச் செய்தி வரவில்லை என்று நான் சொல்ல முடியும். அதை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் நம்புகிறேன். ஆனால் இனி அந்தச் சமாதானம் செல்லாது. ஐதராபாத்திலிருந்தும் புதுடில்லியிலிருந்தும் செய்தி நிச்சயமாக வரும். அதை நம் தெருவின் கடைசி வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது நம் கடமை. நாளை ஒருவர் வந்து, "உங்கள் கையில் மைக்கும் இருந்தது, செய்தியும் இருந்ததே" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

இக்கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் பங்கு அலுவலகத்தில் குறிப்பேட்டில் எழுதலாம். முதல் கூட்டம் வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்தவுடன் நடைபெறும்.